வரிசையை விட்ட பச்சைக் குடம்

"எங்கடா உருளுற?" என்று கத்திக்கொண்டே சிவப்புக் குடம் வந்து பச்சைக் குடத்தின் இடுப்பில் இடித்தது.

"நீ எங்க உருளுறியோ அங்கதான்!"

தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. காலையிலேயே வரிசையில் வைத்த குடங்களெல்லாம் இப்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. குடத்தை வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கியிருந்த பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். எல்லாம் பச்சைக் குடத்தின் அறிவால் வந்த வினை.

லாரி வந்து நின்றதும் அது இப்படி யோசித்தது: "மத்ததெல்லாம் அசையாம நின்னா, நான் மட்டும் முன்னால போறது எனக்கு லாபம். மத்ததெல்லாம் போயிட்டா, நான் மட்டும் நிக்கிறது முட்டாள்தனம். எப்படிப் பார்த்தாலும் போறதுதான் சரி."

பக்கத்திலிருந்த பெயின்ட் வாளி அப்போதே சொன்னது. "டேய், லாரியில எல்லாருக்கும் தண்ணி இருக்கு. வரிசை கலைஞ்சா டிரைவர் எபினேசர் குழாயை மூடிட்டுப் போயிடுவாரு. போன வாரம் மேலத்தெருவுல அதான் நடந்துச்சு."

"அதெல்லாம் உன்ன மாதிரி வாளிக்கு. நான் கணக்குப் போட்டுட்டேன்."

கணக்கில் தப்பில்லை. அதே கணக்கைச் சிவப்புக் குடமும் போட்டிருந்தது, அவ்வளவுதான். அலுமினிய அண்டாவும் போட்டிருந்தது. பச்சை நகர்ந்ததும் எல்லாம் நகர்ந்தன. குழாய் எந்த வாய்க்குள்ளும் போகாமல் ரோட்டில் கொட்டியது. முதலில் நிறைந்தது சாக்கடை. அது வரிசையிலேயே இல்லை.

"இந்தத் தெருவுக்கு இனிமே வெள்ளிக்கிழமைதான்," என்று எபினேசர் குழாயைச் சுருட்டிக்கொண்டு லாரியை எடுத்தார்.

பச்சைக் குடத்துக்காரி அரசி அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"மும்தாஜு, இன்னிக்குப் புள்ளைக்குத் தலைக்கு ஊத்தணுமே! அம்மை இறங்கி, அரிக்குது அரிக்குதுன்னு அழுறான். வேப்பிலைகூட உருவி வச்சிட்டேன். தண்ணிக்கு எங்க போவேன்?"

"என் குடமும் காலிதான்க்கா," என்றாள் மும்தாஜ், சிவப்புக் குடத்தை இடுப்பில் வைத்தபடி.

கீழே கிடந்த பெயின்ட் வாளி விடவில்லை. "என்னடா கணக்குப் புலி, லாபம் எவ்வளவு?"

"ஊர்லயே நான் ஒருத்தன்தான் புத்திசாலின்னு நெனச்சேன்டா," என்றது பச்சைக் குடம். "எனக்குக் கழுத்து இருக்கு, வாய் இருக்கு, இவ்வளவு பெரிய வயிறு இருக்கு. செஞ்சவன் தலை மட்டும் வைக்கல. அது இல்லாமலேதான் இவ்வளவு கணக்கும்."

அரசி வெறுங்குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். உள்ளே பிள்ளை சொறிந்துகொண்டு அழுவது வாசல்வரை கேட்டது.

காலையில் அவள் அந்தக் குடத்திடம் உருளச் சொல்லவில்லை. யோசிக்கவும் சொல்லவில்லை. கீழே வைத்து, கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி, ஒன்றுதான் சொன்னாள்:

"வச்ச எடத்துல நில்லு."