தேய்ந்த திருமுகம்

கொள்ளைநோய் ஓய்ந்த பிறகு, பதுவைப் பட்டணத்தில் ஒர்சோலா அம்மாளின் வெண்கலப் பட்டறைக்கு முதலில் வந்த வேலை இதுதான்.

சில்வெஸ்தர் சாமியார் ஒரு சுரூபத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்கலத் தகடு. மாதாவின் மடியில் மரித்த சேசு. பூசையில் ஒருவர் அதை உதட்டில் ஒற்றி முத்தி செய்து அடுத்தவர் கையில் கொடுப்பார். சமாதானம் அப்படித்தான் கோயில் முழுக்கப் போய்ச் சேரும்.

சேசுவுக்கு முகம் இல்லை. கண்ணும் மூக்கும் தாடியும் இருந்த இடம், ஆயிரம் பேர் முத்தி செய்து தேய்ந்ததுபோல் வழுவழுவென்று கிடந்தது.

"நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அப்போது முகம் நன்றாகத்தான் இருந்தது. சாவி என் கழுத்தை விட்டு இறங்கவேயில்லை. இன்று திறந்தால் இப்படி. பேய் வேலை, அம்மா."

"பேய் முத்தி செய்யுமா, சாமி?" என்று கேட்டாள் ஒர்சோலா.

சாமியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "பாஸ்குத் திருநாளுக்குள் புது முகம் வைத்துக் கொடு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வேலை பெர்த்தோவின் கைக்கு வந்தது. பெர்த்தோ தனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் ஒர்சோலாவைவிட வயதில் மூத்தவன். அண்டா தட்டிக்கொண்டிருந்துவிட்டு, சுரூபம் செய்யப் படிக்க வந்தவன். அவன் மனைவி பியோரா கோட்டைக்கு வெளியே நோய்க்கொட்டகையில் செத்துப்போனாள். சாமியார் வரவில்லை, சாகும் நேரத்தில் வாயில் வைக்கும் நன்மை அப்பமும் கிடைக்கவில்லை. கொட்டகை வாசலுக்கு ஓடிய பெர்த்தோவைக் காவல்காரர்கள் ஈட்டியைக் காட்டி விரட்டினார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான். "அம்மா, அவள் சமாதானமாகப் போயிருப்பாளா?"

ஒர்சோலா இதுவரை பதில் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. "மெழுகு ஒற்றிப் பாரும்" என்றாள். பழைய தகட்டில் கை வைக்குமுன் இளக்கிய மெழுகை ஒற்றி எடுத்துப் பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். வெண்கலத்தில் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மெழுகில் எழுந்து நிற்கும்.

நல்ல உச்சிவெயில் சன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. பெர்த்தோ மெழுகை அழுத்தி உரித்தான்.

மெழுகில் ஒரு வாய் இருந்தது. முத்தமிடக் குவிந்த, பல்லில்லாத ஒரு கிழவாய்.

"இன்னொரு தடவை ஒற்றும்."

அதே இடம்தான். இம்முறை பச்சைக் குழந்தையின் வாய், நகக்கண் அளவுக்கு.

"போதும், அம்மா. இதற்குமேல் ஒற்ற மாட்டேன்."

"இன்னும் ஒரே தடவை. ஒற்றும்."

மூன்றாவதாக உரித்த மெழுகை அவன் கீழே போட்டுவிடப் பார்த்தான். கீழுதட்டின் ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டுத் தழும்பு. கன்னிப்பெண்ணாக இருந்தபோது கிணற்று வாளி பட்டது என்று அவளே சிரித்துச் சொன்ன தழும்பு.

"இது பியோரா."

"நிச்சயமாகவா?"

"என் பெண்டாட்டியின் உதடு எனக்குத் தெரியாதா, அம்மா?"

ஒர்சோலா துணியை எடுத்து வெண்கலத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் யாரோ மூச்சு விட்டதுபோல் மறுபடி ஈரம் படர்ந்தது.

பெர்த்தோ தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இதன்மேல் புது வெண்கலம் ஊற்ற மாட்டேன். உளி வைக்க மாட்டேன். எனக்கென்று மிஞ்சியது இதுதான். அவளையும் நானே அழிக்கவா?"

"அவள் முத்தி செய்ய வருகிறது உம்மையா, பெர்த்தோ?"

அவன் குனிந்து தகட்டைப் பார்த்தான்.

"வருகிறவளுக்கு முகமில்லாத சேசுவையா கொடுப்பீர்?"

உலையில் கரி வெடித்தது. பெர்த்தோ தகட்டை மேசைமேல் வைத்தான். உளியைக் கையில் எடுத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"எவ்வளவு ஆழம் வெட்டட்டும், அம்மா?"

"நல்ல ஆழமாகவே வெட்டும்" என்றாள் ஒர்சோலா. "அவளுக்கு ரொம்பக் காலம் தாங்கணும்."