வெள்ளைத் தூளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

அந்தக் காலத்தில், எலியும் கஞ்சியும் மூட்டைகளும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, ஓலவலசு என்ற ஊரில் பாவாத்தாள் என்றொரு நெசவுக்காரி இருந்தாள். அந்த ஊர் அம்மன் திருவிழாவுக்குக் கொடித்துணி நெய்து தரும் உரிமை அவள் வீட்டுக்கு. துணி முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும்; ஒரு திட்டும் ஆகாது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்குப் பாவு என்று பெயர். வெறும் நூலைக் கட்டினால் அது உரசி உரசிப் பஞ்சாகி அறுந்துபோகும். அதனால் அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். கஞ்சி நூலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடிக்கு விருந்துக்கு வந்த மருமகன் ஆவணி பிறந்தும் கிளம்பாததைப் போல, வேலை முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருப்பதில்தான் தொல்லை. போன வருடம் மூன்று தண்ணீரில் அலசியும் கஞ்சி போகவில்லை. அது உட்கார்ந்திருந்த இடமெல்லாம் சாயம் ஏறாமல், கொடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"இந்த வருசமும் அம்மன் கொடிக்கு அம்மை போட்டுச்சுன்னா, உரிமை பக்கத்து ஊருக்குப் போயிருமாம்" என்று சாயக்காரர் காரியப்பன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கொடியேற்றம் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால், கஞ்சி போட்டுக் காயவைத்திருந்த பாவை எலி குதறி வைத்திருந்தது.

"ஏன்டா, நூலையா தின்னே?"

"நூலை யாருங்க தின்னுவாங்க? கஞ்சியைத்தான் தின்னேன். நூலு நடுவுல வந்துச்சு" என்றது எலி.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பாவுக்கான நூல். அதுவும் போனால் உரிமையும் போயிற்று. பாவாத்தாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், வெள்ளைத் தூள் மூட்டை ஒன்று வாசலில் வந்து நின்றது.

"யாருங்க?"

"பாலிவினைல் ஆல்கஹால்ங்க. பேரு கொஞ்சம் நீளம்."

"சாராயக் கூட்டத்தையெல்லாம் உள்ளே விடாதே" என்றது பானையிலிருந்த கஞ்சி.

"பேருலதான்ங்க ஆல்கஹால். என்னால யாருக்கும் போதை ஏறாது."

"எந்த வயல்ல விளைஞ்சே?"

"எந்த வயல்லயும் இல்லீங்க. ஆலைப் பாத்திரத்துல சேர்த்து வெச்ச குடும்பம். ஆயிரக்கணக்கான பேர் சங்கிலியாட்டம் கோத்து நிக்கறோம். அது போக ஆளுக்கு ஒரு கை மிச்சம். அந்தக் கையால நூலையும் பிடிப்போம், தண்ணியையும் பிடிப்போம்."

"வயலும் இல்ல, வரப்பும் இல்ல. என்ன பொறப்போ" என்று கஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாவாத்தாளுக்கோ தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "வேலை முடிஞ்சா போயிருவீங்களா?"

"வெந்நீர் ஊத்துங்க, போயிருவேன்."

அவ்வளவுதான், அவளுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. உலை கொதித்த பிறகு அரிசி போட்டே பழகிய கை அது. அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் பாதி மூட்டையை அப்படியே கொட்டினாள். கொட்டிய வேகத்தில் தூளெல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டது. வெளியே வழவழவென்று கண்ணாடி. பிட்டுப் பார்த்தால் உள்ளே நனையாத மாவு. எவ்வளவு கிளறியும் கரையவில்லை.

"கொழுக்கட்டை நல்லாத்தான் வந்திருக்கு. பூரணம் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தது கஞ்சி.

மீதி மூட்டை வாசலைப் பார்த்து நகர்ந்தது.

"ஏனுங்க, கோவமா?" என்றாள் பாவாத்தாள்.

"கோவமில்லீங்க. ஒண்ணு கேக்கறேன். வாசலுக்கு வந்தவங்களுக்கு உங்க ஊருல மொதல்ல என்ன குடுப்பீங்க?"

"ஒரு சொம்புத் தண்ணி."

"பச்சைத் தண்ணியா, கொதிக்கற தண்ணியா?"

அவள் குனிந்து அடுப்பு விறகை வெளியே இழுத்து அணைத்தாள்.

"திடீர்னு கொதிநீர் பட்டா, வெளியே நிக்கறவங்க வீங்கி ஒருத்தர ஒருத்தர் இறுக்கிக்குவாங்க. உள்ளே இருக்கறவங்களுக்குத் தண்ணி போக வழியே இருக்காது. பாவம், தாகத்தோடயே அடைபட்டுக் கிடப்பாங்க."

பாவாத்தாள் எழுந்து வேறொரு அண்டாவில் பச்சைத் தண்ணீர் நிரப்பினாள். ஒரு கையால் துழாவிக்கொண்டே மறுகையால் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். எல்லோருக்கும் தண்ணீர் கிடைத்தது என்று தெரிந்த பிறகுதான் அடுப்பை மூட்டினாள். துழாவிய கை ஓயவில்லை. பாலாகக் கலங்கியிருந்தது மெல்ல மெல்லப் பளிங்காகத் தெளிந்தது.

அதைத் தடவிக் காயவைத்த ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய கண்ணாடிச் சட்டை போட்டது போலிருந்தது. எலி வந்து ஓரத்தில் கடித்துப் பார்த்து, "இதுக்குச் சாயக்காரர் செருப்பே தேவலைங்க" என்று போய்விட்டது. புதன்கிழமைக்குள் தறியிலிருந்து துணி இறங்கியது. ஓர் இழைகூட அறவில்லை.

பாவாத்தாள் துணியைத் தொட்டியில் போட்டு வெந்நீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில், "அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. துணியைத் தூக்கினால், புதுப்பஞ்சு போல மெத்தென்றிருந்தது. காரியப்பன் அதைச் சாயத்தில் முக்கி எடுத்து, வெயிலில் விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அம்மை இறங்கிருச்சு, பாவாத்தா."

வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. உரிமை ஊரைவிட்டுப் போகவில்லை. பாவாத்தாளும் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடவில்லை. 'போறேன்' என்றா சொன்னார்? 'போயிட்டு வர்றேன்' என்றல்லவா சொன்னார்? சுண்டக் காய்ச்சி அடுத்த பாவுக்கு எடுத்து வைத்துக்கொண்டாள். மனம் நொந்த கஞ்சி சலவைக்காரர் வீட்டில் குடியேறி, இன்றைக்கும் பெரிய மனிதர்களின் வேட்டியில் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

அன்று முதல்தான், எத்தனை அவசரமானாலும் அந்த வெள்ளைத் தூளுக்கு முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் அடுப்பு என்று ஆயிற்று. முறை தவறிக் கொதிநீரில் கொட்டுகிறவர்களுக்கு இன்றுவரை பூரணம் இல்லாத கொழுக்கட்டைதான் கிடைக்கிறது.