கல்லைத் தின்னும் சுவர்

முதலில் ஒரு விடுகதை. விதை போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. கல்லால் அடித்தால் ஒரு சாண் வளரும். அது என்ன?

தெரியவில்லையா? இரட்டைப்பாடிக்காரர்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

காக்கை வெள்ளையாக இருந்த காலம் அது. இரட்டைப்பாடியின் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஓயாமல் சண்டை போட்டன. அந்தச் சத்தம் பொறுக்காத மந்திரவாதி ஒருவன் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டுப் போய்விட்டான். எதிர்த்தெருக்காரர்கள்தான் அதைக் கட்டினார்கள் என்று இரண்டு தெருவும் நம்பின. சுவரை இடிக்க ஆண்டுதோறும் ஒரு நாள் குறித்தார்கள். அன்று ஒவ்வொரு தெருவிலும் பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளையின் கையில் ஒரு கல்லைக் கொடுப்பார்கள். கல்லோடு வீட்டுப் பழம்பகையையும் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றாம் முரசுக்கு இரு பக்கமும் கல் பறக்கும். சுவர் இடிந்ததா? இல்லை. பனை உயரம் வளர்ந்து, வடக்கே சாய்ந்து நின்றது.

அந்தச் சாய்வுக்கு நேர் கீழே நாச்சியின் வீடு. உள்ளே அம்மா, தொட்டிலில் பத்து நாள் தம்பி. இந்த ஆண்டு கல் நாச்சியின் கையில்.

"உன் கொள்ளுத் தாத்தாவின் பசுவை ஓட்டிப் போனவர்கள்! மறந்துவிடாதே கண்ணு," என்றார் ஊர்த்தலைவர் கொற்றப்பர்.

ஊர் நூறடி தள்ளி நின்றது. நாச்சி மட்டும் சுவரருகே போனாள்.

"ச்சு, ச்சு, ச்சு!" சுவரில் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு பல்லி தலை நீட்டியது. "எறியாதே. நீங்கள் எறிகிற கல்லைத் தின்றுதான் இது வளர்கிறது. இனி ஒரே ஒரு கல் பட்டாலும் விழுந்துவிடும்."

நாச்சி கல்லைத் தாழ்த்தினாள். நான் எறியாமல் இருப்பேன். அந்தப் பக்கம்?

டம்! முதல் முரசு.

ஓட்டையில் வாயை வைத்தாள். "ஏய், அந்தப் பக்கம் யாரு?"

"நான் தித்தன். நீதான் இந்த வருஷத்துப் பசுக்காரியா?" ஒரு சிறுவனின் குரல் சிரித்தது.

"எறியாதேடா! சுவர் எங்கள் வீட்டு மேலே விழும். தம்பி உள்ளே தூங்குகிறான்."

"நல்ல கதை! எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தலைப்பாகையைத் தட்டிவிட்ட கூட்டம்தானே நீங்கள்? நான் சும்மா நிற்பேன், நீ எறிவாய். அப்புறம் எங்கள் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"பல்லி சொன்னதுடா!"

"பல்லி யாருக்குத்தான் சொல்லவில்லை? உன் கல்லை இப்படித் தள்ளு, நம்புகிறேன்."

டம்! இரண்டாம் முரசு.

கொடுத்தால் அவன் கையில் இரண்டு கல். கொடுக்காவிட்டால் ஒன்று. சுவர் விழ ஒன்றே போதும். நாச்சி கண்ணை மூடிக்கொண்டு தன் வெள்ளைக் கல்லை ஓட்டைக்குள் தள்ளினாள்.

"அடி பைத்தியமே! என்ன காரியம் செய்தாய்?" கொற்றப்பர் கத்தினார்.

டம்! மூன்றாம் முரசு.

நாச்சி ஓட்டையில் காதை வைத்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்று மூச்சு. ஓட்டைக்குள் சரசரவென்று ஏதோ உருண்டது. ஒரு கறுப்புக் கல் அவள் காலடியில் விழுந்தது.

"ஒன்றுக்கு ஒன்று! சரியாகிவிட்டது!" என்றான் தித்தன்.

சுவர் பெருமூச்சு விட்டது. ஒரு சாண், ஒரு சாண், ஒரு சாண் என்று மண்ணுக்குள் இறங்கியது. தொட்டில் அசையக்கூட இல்லை. எதிரே மூக்கொழுக ஒரு பொடியன் நின்றான். அவனுக்குப் பின்னால், வடக்குத் தெருவைப் போலவே பயந்துபோன முகங்கள். இருக்க இடமில்லாத பல்லி கொற்றப்பரின் தோளில் ஏறிக்கொண்டது.

அன்று மாலை இரண்டு தெருவும் ஒன்றாகக் கூடின. இனிப் பன்னிரண்டு வயதானால் கையில் கல் இல்லை, ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமும் பேச உரிமையும் உண்டு என்று முடிவானது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. வடக்குக்காரர்கள் வடக்கே, தெற்குக்காரர்கள் தெற்கே. நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு வெறுந்தரை.

"நாச்சி, நம் பக்கம் வா," என்றார் கொற்றப்பர், பாயைத் தட்டி.

"தித்தா, இங்கே வாடா," என்றார்கள் தெற்கே.

நாச்சி நடுவில் உட்கார்ந்தாள்.