மோரிஸுக்கு அடியில்

"இந்த வேலையை எனக்குக் கத்துக்குடு தாயி" என்று வந்து நின்றார் மாயழகு.

போடியில் பழைய கார்களுக்கு வேலை பார்க்கிறவள் முத்துப்பேச்சி. நாற்பதைத் தொட்டவள், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளுக்கு அம்மா. ஊரே அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். மாயழகு அறுபதைத் தாண்டியவர். காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதிய கண்டக்டர். ஒரு நட்டைக்கூடத் திருகியதில்லை.

"எந்த வேலை?"

"டிஃபரன்ஷியல் மாட்டுறது."

எந்தக் காருக்கு என்று அவள் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். அவர் மகன் ஈஸ்வரன் ஆசையாய் வாங்கிய பழைய மோரிஸ். பின்பக்கம் உறுமுகிறதென்று, பின்சக்கரங்களைச் சுழற்றும் கனத்த பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைக் கழற்றக் கீழே படுத்தான். கழற்றியும் விட்டான். அடியில் முட்டுக்கட்டை எதுவும் கொடுக்காமல் ஒற்றை ஜாக்கியில் நின்ற வண்டி, நழுவி அவன் மேல் இறங்கியது.

"இழுத்துட்டு வரச் சொல்லுங்கய்யா. நானே மாட்டித் தர்றேன்."

"அவன் பாதியில விட்டது. நான்தான் முடிக்கணும்."

"முடிச்சுட்டு?"

மாயழகு தரையில் கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

 முத்துப்பேச்சி ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மழைக்காலம் முழுக்க அவர் டீசலில் சாமான் கழுவினார். ஸ்பேனர் பிடிக்கப் பழகினார். வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுக்கவும், கொடுத்ததும் ஆட்டிப் பார்க்கவும் கற்றார்.

ஒருநாள் கேட்டார்:

"அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"கழுவுங்கய்யா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வலிச்சிருக்கும்."

துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும், ஒரு நொடிதான், தெரிஞ்சே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்றையிலிருந்து அவரும் அவளை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாடலின் டிஃபரன்ஷியல் கிடைத்தது. பல் தேயாமல் இருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டுத் தயாராக வைத்தார்கள். மோரிஸைப் பட்டறைக்கு இழுத்து வந்து, ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"சாப்பிட்டு வந்து மாட்டிருவோம்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மாயழகு தனியாக இருந்தார்.

ஜாக்கியை ஒரு பிடி ஏற்றினார். இரண்டு முட்டுகளையும் உருவிச் சுவரோரம் வைத்தார். டிஃபரன்ஷியலை இழுத்துக்கொண்டு கீழே ஊர்ந்து போய், அதை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

தூக்க முயலவில்லை. வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைத்தான் அவனும் கடைசியாகப் பார்த்திருப்பான். மனசு ரொம்ப நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றது. சுவரோரம் போய் நின்றது.

அவள் திட்டுவாள், காலைப் பிடித்து வெளியே இழுப்பாள் என்று நினைத்தார்.

முத்துப்பேச்சி கீழே ஊர்ந்து வந்து அவர் பக்கத்தில் படுத்தாள்.

"நீ எதுக்கு உள்ள வர்றே?"

"ஒத்தை ஆளால தூக்க முடியாதுய்யா."

"முட்டு இல்ல, மேஸ்திரி."

"பாத்தேன்."

"வெளிய போ."

"நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

ஜாக்கி லேசாக முனகியது. துரு உதிர்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. இரண்டு கையையும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கொடுத்திருந்தாள்.

"உன் மக பள்ளிக்கூடம் விட்டு இங்க வர்ற நேரமில்லையா தாயி?"

"வருவா. வந்து பார்ப்பா."

காய்கறிப் பையோடு வீடு திரும்பிய அன்றைக்கு, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைத்தான் மாயழகு முதலில் பார்த்தார். ஈஸ்வரன் வேலையாக இருக்கிறான் என்று நினைத்து, டீ வேணுமா என்று கேட்டார். பதில் வராததால் மறுபடியும் கேட்டார்.

இந்தப் பிள்ளையும் வந்து காலைத்தான் முதலில் பார்க்கும். மாயழகு நெஞ்சுச் சுமையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, முதுகு சிராய்க்க வெளியே வந்தார். சுவருக்கு ஓடினார். ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தார். மறுபக்கம் ஓடி இன்னொன்றைக் கொடுத்தார். 

"இப்ப வாங்க, தூக்குவோம்" என்றாள் அவள் கீழேயிருந்து.

"முதல்ல நீ வெளிய வா!" என்று கத்தினார் மாயழகு. "வண்டிய ஆட்டிப் பாக்காம ஒருத்தரும் அடியில இருக்கக்கூடாது!"

முத்துப்பேச்சி வெளியே வந்தாள்.