மூலையில் கோத்த கைகள்

பனிமூட்டத்துக்குள் நிற்கும்போது யாராவது கூப்பிட்டால், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று உங்களால் சொல்ல முடியுமா?

இசக்கித்தாய்க்கு முடியவில்லை. மார்கழிக் காலை. கபடி மைதானம் பாலுக்குள் முங்கினதுபோல் கிடந்தது. சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் தரையை விட்டு மிதந்தன.

"இந்தா, மூலையில நிக்கேன். வா யக்கா."

கூப்பிட்டது தங்கபுஷ்பம். பயிற்சி கொடுக்கிறவள். இசக்கியைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் மைதானத்துக்குள் இசக்கிக்கு அவள் மாஸ்டர்தான்.

"மாஸ்டர், சாயங்காலம் ஃபைனல்ல நான் ஆடல. லிஸ்ட்ல என் பேரை அடிச்சிருங்க."

"எதுக்காம்?"

"கை நடுங்குது."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு இட்லி."

"அதான். அஞ்சா சாப்பிடு."

"வெளையாடாதீங்க மாஸ்டர். மொத மேட்ச்ல நடுங்குச்சு, ஊரே பாக்குதேன்னு. ஜெயிக்க ஆரம்பிச்சதும், தோத்துருவோமோன்னு. முட்டி ஒடைஞ்சு திரும்பி வந்தப்போ, முட்டியை நெனச்சு. இப்போ முப்பத்தஞ்சு வயசாச்சு, இதுதான் கடைசி ஆட்டமோன்னு நெனச்சு. காரணம் மாறுது, நடுக்கம் மாறல. இது எங்கேருந்துதான் வருது?"

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். எதிரணிக்காரி 'கபடி கபடி' என்று பாடி வரும்போது இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்களே, அப்படி.

இசக்கி பிடித்துக்கொண்டாள். இருவரும் குனிந்து நின்றார்கள். பனிக்குள்ளிருந்து யாரும் பாடி வரவில்லை. எங்கோ ஒரு மயில் அகவிற்று. அது ஓய்ந்த பிறகு, அவர்கள் அப்படி நின்றது ஒரு நிமிஷமா ஒரு வருஷமா என்றே தெரியவில்லை.

கோத்த கைகள் வெடவெடவென்று ஆடின.

"பாத்தீங்களா மாஸ்டர், எப்படி நடுங்குதுன்னு!"

"உன் கையை எடு."

எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். அது ஆடாமல் இருந்தது.

பனியில் தனியாக நீண்டிருந்த கைதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இசக்கி அதையே பார்த்தாள்.

"நீங்க ஆட்டத்தை விட்டு ஏழு வருஷமாச்சே மாஸ்டர்?"

"ஆமா. ஏழு வருஷமா பெஞ்சிலதான் உக்காந்திருக்கேன்."

"பெஞ்சில உக்காந்திருக்கவங்களுக்கு என்ன பயம்?"

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். நீட்டின கையை மடக்கி, சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அங்க பிடிச்சுக்கிட ஒரு கையும் கெடையாது. சாயங்காலம் நீ பாடிப் போறதுக்கு முந்தி, ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பாத்துட்டுப் போ யக்கா."