வடை கடித்த இலை

"என் இலையை ஏன் எடுத்தீங்க?"

வந்ததும் வராததுமாக வைரக்கண்ணு கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வயது ஐம்பத்தொன்பது.

அந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை ஆரம்பித்த அய்யாவுக்குத் தொண்ணூறு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எந்த இலைடா?"

"நீங்க மறந்துட்டீங்க. நான் மறக்கலை. ரைஸ்மில்காரர் வந்து நமக்குச் சாப்பாடு போட்டாரே, அன்னிக்கு. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள வடையைக் கடிச்சிட்டேன். ஒன்பது வயசு எனக்கு. பசி. அத்தனை பேர் முன்னாடி என் இலையைச் சுருட்டிக்கிட்டுப் போனீங்க."

"ஓ."

"என்ன ஓ? ஐம்பது வருஷமா உள்ளே எரியுது. இன்னிக்குப் பதில் சொல்லுங்க. இல்லேன்னா இந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன்."

"பன்னிரண்டரைக்குச் சொல்றேன். முதல்ல செருப்பை வெளிய விடு."

வைரக்கண்ணு அசையவில்லை.

"இன்னிக்கு இல்லத்துக்கு ஐம்பது வருஷம் முடியுது," என்றார் அய்யா. "பந்தியில இல்லத்தோட கதையை நீ சொல்லு."

"நானா? நாலாவதோட நின்னவன்."

"முதல்ல வந்த பதினோரு பேர்ல இன்னிக்கு வந்திருக்கிறது நீ ஒருத்தன்தான்."

வைரக்கண்ணுவால் உட்கார முடியவில்லை. கிணற்றைச் சுற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கிணற்றைச் சுற்றினார். சமையல்கட்டிலிருந்து வடை வாசனை வந்தது. விலகிப் போனார்.

பன்னிரண்டரை.

எண்பது பையன்கள். எண்பது இலை. எல்லாம் பரிமாறியாயிற்று. வைரக்கண்ணு எழுந்து நின்றார்.

"பெரும் புயல் அடிச்ச வருஷம். வீடு போச்சு, பெத்தவங்க போனாங்க. அய்யா எங்க பதினோரு பேரையும் ஒரு புகையிலைக் கிடங்குக்குக் கூட்டிட்டு வந்தார். ராத்திரி பூரா தும்மல்தான்."

பையன்கள் சிரித்தார்கள்.

அவருக்குப் பேச்சு பிடித்துப்போயிற்று. கிணறு வெட்டியதைச் சொன்னார். கூரை எரிந்ததைச் சொன்னார். எரிந்த இடத்தில் ஓட்டுக் கட்டடம் எழும்பியதைச் சொன்னார். அதற்கு மண் சுமந்தது யார் யார் என்று பெயர் பெயராகச் சொன்னார்.

சாம்பார் ஆறியது. ஈ வந்து உட்கார்ந்தது.

"அப்புறம்," குரலை உயர்த்தினார், "இதே பந்தியில ஒரு அநியாயம் நடந்தது."

மூன்றாவது வரிசையில் ஒரு பொடியன் வடையைக் கடித்தான்.

"டேய்! பேசிக்கிட்டிருக்கேன்ல? கையை எடுடா!"

பையன் கடித்த வடையை இலையில் வைத்தான்.

அய்யா கைத்தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக நடந்து அந்தப் பையனின் எதிரே போய்க் குனிந்தார். இலை நுனியைப் பிடித்தார்.

திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துடட்டுமா, வைரம்?"