ஒரே ஒரு முட்டைதானே!

குளக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாகத் தாயாகப் போகிறது. இலை அசைந்தாலும் அதற்கு நெஞ்சு திக்கென்றது.

அன்று காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஓர் அட்டைப்பெட்டியையும் வாணலியையும் அணையாத நெருப்பையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டியின் மேல் சாக்லேட் குக்கீஸ் படம். குரங்கு அதைக் கிழித்தது. உள்ளே பழுப்பு மாவு. கமகமவென்று வாசம்!

"ரொம்ப சுலபம்!" என்றது நரி, பெட்டியின் பின்பக்கப் படங்களைப் பார்த்து. "எல்லாத்தையும் அவங்களே கலந்து வச்சுட்டாங்க. தண்ணி ஊத்தணும், ஒரு முட்டை உடைச்சுப் போடணும், சுடணும். அவ்வளவுதான்!"

மாவை வாணலியில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்தார்கள்.

"முட்டைக்கு எங்கே போறது?" என்றது குரங்கு.

நரி குளக்கரையைப் பார்த்தது. குரங்கும், வாசம் பிடித்து வந்த முயலும் பார்த்தார்கள்.

வாணலியோடு எல்லோரும் வந்து நின்றதும், குருவி இறக்கையை இறுக்கி முட்டைகளை மூடிக்கொண்டது.

"அக்கா, ஒரே ஒரு முட்டை குடு, ப்ளீஸ்!" என்றது குரங்கு.

"இது முட்டை இல்லடா, என் புள்ள!"

"நாலு இருக்கே! ஒண்ணு போனா என்ன குறைஞ்சா போயிடும்?"

"குக்கீஸ்ல உனக்கும் பங்கு உண்டும்மா," என்று குழைந்தது நரி. "உனக்குப் பெரிசாவே தர்றேன்."

என் பிள்ளையைச் சுட்டு எனக்கே பங்கா! குருவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதைவிட எரிந்தது பக்கத்து வளை முயலின் பேச்சைக் கேட்டபோதுதான். "எப்போ குஞ்சு வரும், எப்போ குஞ்சு வரும்" என்று தினமும் வந்து விசாரித்த முயல்!

"குடுத்துடேன்டி," என்றது முயல். "எல்லாரும் ஆசையா இருக்காங்க. நீ ஒருத்திதான் ரொம்ப அலட்டிக்கிறே. இன்னொண்ணு இட்டுக்கலாமே!"

குருவி எழுந்து நின்றது. 

"சரி, போடுறேன்! ஆனா நான் மட்டும் ஏன் போடணும்? முயலக்கா, உன் வளையில ஆறு குட்டி இருக்கே. ஒண்ணே ஒண்ணு கொண்டு வந்து இதுல போடு! என்ன குறைஞ்சா போயிடும்? இன்னொண்ணு பெத்துக்கலாமே!"

முயல் சட்டென்று தன் வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

நரிதான் முந்திக்கொண்டது. "அடடா, நல்ல யோசனையா இருக்கே!" அதன் நாக்கில் எச்சில் சொட்டியது. "இளங்குட்டி... பஞ்சு மாதிரி வேகும்! எந்த வளை, முயலம்மா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

முயல் வீலென்று கத்தி, பின்னங்காலால் வாணலியை விட்டது ஓர் உதை! மாவெல்லாம் நரியின் மூஞ்சியில் அப்பியது. குருவி அதன் தலைக்கு மேலே கத்திக் கத்திப் பாய்ந்து கொத்தியது. கண் தெரியாமல் முட்டி மோதிக்கொண்டு நரி காட்டுக்குள் ஓடியது. குரங்கு நைசாக மரமேறிவிட்டது.

முயல் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது. "கோவிச்சுக்காதே தங்கச்சி. என் குட்டின்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது."

"எனக்கு அதுக்கு முன்னாடியே வலிச்சுதுக்கா!" என்றது குருவி. முகத்தைத் திருப்பிக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. 

அடுத்தவர் பிள்ளையை "ஒண்ணுதானே" என்று கேட்கிறவனுக்கு நாம் தலையாட்டினால், நாளைக்கு அவன் நம் வாசலிலும் வந்து நிற்பான்.